எறிந்துவிடச் சொல்கிறவர்களுக்கு

சென்ற மாதம் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது ‘நைட் ட்ராப்’ என்ற பழைய வீடியோ விளையாட்டைப் பற்றி நான் பேச்செடுத்தேன். ஒருவர் சிரித்தார். சிரிப்பு எனக்குப் புதிதல்ல. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இதை எழுதவைக்கிறது. “அதெல்லாம் கழிவு. கழிவு மட்கட்டும். மட்குவதும் ஒரு விமர்சனம்தான்.” கூடியிருந்த ஐந்தாறு பேரும் இதை ரசித்தார்கள். நம் வட்டத்தில் ஒரு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால் போதும், அது உண்மையா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்க்கப்போகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஃபுல் மோஷன் வீடியோ விளையாட்டு, சுருக்கமாக எஃப்.எம்.வி., என்பது கணினி அவ்வப்போது வரைகிற பொம்மைகள் ஓடியாடும் விளையாட்டு அல்ல. நடிகர்களை நடிக்கவைத்தோ கையால் வரைந்தோ முன்கூட்டியே எடுத்துவைத்த படத்துண்டுகள் அதில் இருக்கும். ஆடுபவர் என்ன செய்கிறாரோ அதைப் பொறுத்து அடுத்த துண்டு ஓடும். 1983ல் ‘டிராகன்ஸ் லேர்’ அமெரிக்காவின் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. டிஸ்னியை விட்டு வெளியேறிய டான் ப்ளூத்தும் அவர் குழுவினரும் வரைந்த சுமார் 22 நிமிடப் படம் அது. குறுந்தகடு பரவிய 1990களின் முதற்பாதியில் இவை புற்றீசல் போலக் கிளம்பின. 1995ல் வந்த ‘ஃபான்டஸ்மகோரியா’வுக்கு ஏழு குறுந்தகடுகள் தேவைப்பட்டன. பத்தாண்டு முடிவதற்குள் மோஸ்தர் அடங்கிவிட்டது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை மோசம். நடிப்பு மோசம், வசனம் அதைவிட மோசம், தேர்வு என்று ஆடுபவருக்குக் கொடுக்கப்படுவது பல சமயங்களில் சரியான நொடியில் சரியான பொத்தானை அமுக்குவது மட்டுமே. நான் இவற்றுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதவில்லை. என் சண்டை வேறு. மோசம் என்ற தீர்ப்பை எவர் வழங்குகிறார், எதைக் கையில் வைத்துக்கொண்டு வழங்குகிறார் என்பது பற்றியது.

‘மட்குவதும் விமர்சனம்’ என்றார் நண்பர். எது மட்குகிறது, எப்படி மட்குகிறது என்று அவர் பார்த்திருக்கிறாரா? ‘டிராகன்ஸ் லேர்’ போன்றவை லேசர் டிஸ்க்கில் வந்தவை. அது இரண்டு பிளாஸ்டிக் பாதிகளைப் பசை போட்டு ஒட்டிய பெரிய தட்டு. உள்ளே அலுமினியப் படலம். பசை சரியில்லாவிட்டால் காற்று புகுந்து அலுமினியம் அரிக்கும். படத்தில் பொறிபொறியாகப் புள்ளிகள் தோன்றும், நாளாக ஆகப் புள்ளிகள் பெருகிப் படத்தையே தின்றுவிடும். ஆகவே எந்தத் தட்டு பிழைக்கும், எது சாகும் என்பதைத் தீர்மானிப்பது அதில் உள்ள படைப்பின் தரம் அல்ல. எந்தத் தொழிற்சாலையில் எந்தப் பசையால் ஒட்டினார்கள் என்பது. இந்தப் பசைக்குத்தான் நண்பர் விமர்சகர் பட்டம் கட்டுகிறார். கரையானுக்கும் செல்லுக்கும் ரசனை உண்டு என்று நம்பிய பரம்பரை நம்முடையது என்பதால் இதில் வியப்படைய ஒன்றுமில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆர். நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த ‘கீசகவதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்கிறார்கள். அதில் ஒரு அடிச் சுருள்கூட மிஞ்சவில்லை. அந்நாளில் சினிமாவை எந்தப் பெரிய மனிதரும் கலையாக எண்ணவில்லை. கூத்தாடிகளின் வேலை, அதிலும் எந்திரக் கூத்து. மட்கட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூட வேண்டாம், அது தானாகவே மட்கியது. இன்று அது நல்ல படமா கெட்ட படமா என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அது மோசமான படம் என்று சொல்லும் உரிமைகூட நமக்கு மிஞ்சவில்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர், சேர்த்துவைப்பவன் தன் விருப்பு வெறுப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவர வேண்டும் என்று கருதியவர். விமர்சனத்தின் மேல் அவருக்கு அக்கறை இல்லை என்பதல்ல இதன் பொருள். விமர்சனம் நடப்பதற்கு முன் பொருள் இருந்தாக வேண்டும். இவ்வளவுதான்.

இதற்குமேல் இன்னொரு வாதம் வரும், இது கொஞ்சம் சாமர்த்தியமானது. அன்று மாலையே வந்தது. “அழிந்துபோகவில்லையே. யாராவது ஆடியதைப் பதிவுசெய்து யூட்யூபில் போட்டிருப்பார்கள். பார்த்துக்கொள்ளுங்களேன்.” சிரித்தவரை விடவும் இதைச் சொன்னவரோடுதான் எனக்குப் பெரிய பிணக்கு. சிரித்தவருக்குப் பொருள் வேண்டாம். இவரோ பொருள் கையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

‘நைட் ட்ராப்’ விளையாட்டையே பார்ப்போம். ஒரு வீடு. சில இளம் பெண்கள் இரவு தங்க வந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கறுப்பு உடை அணிந்த, ரத்தம் உறிஞ்சும் உருவங்கள் புகுகின்றன. எட்டு இடங்களில் கேமராக்கள். ஆடுபவர் எங்கோ அமர்ந்து அவற்றை மாற்றி மாற்றிப் பார்க்கிறார், உருவங்கள் பொறிக்கு அருகே வரும் சமயம் பார்த்துப் பொறியை இயக்கிப் பிடிக்கிறார். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் எட்டு இடங்களிலும் நிகழ்ச்சிகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. கூடத்தில் பேச்சு நடக்கும்போது படுக்கையறையில் எதுவோ நுழைகிறது. நீங்கள் கூடத்தில் இருந்தால் படுக்கையறை உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. பொறிகளின் குறியீட்டு நிறத்தை வீட்டார் இடையில் மாற்றிவிடுகிறார்கள். அதைப் பற்றி அவர்கள் பேசும்போது நீங்கள் ஒட்டுக்கேட்டிருந்தால்தான் புது நிறம் தெரியும். கேட்க நின்றால் வேறு அறையில் உருவங்கள் தப்பிவிடும். வேட்டைக்கு ஓடினால் கதை போய்விடும். ஒன்றைப் பார்ப்பது என்பது மற்ற ஏழையும் பார்க்காமல் இருப்பது. இந்த விளையாட்டின் மறுபதிப்பை நான் மூன்று இரவுகள் ஆடினேன். மூன்று இரவும் தோற்றேன். யார் யாருக்கு உறவு என்பதே எனக்கு இரண்டாம் இரவுதான் புரிந்தது. அந்தப் புரியாமையும், முதுகுக்குப் பின்னால் எதுவோ நடந்துகொண்டிருக்கிறது என்ற பதைப்பும்தான் அந்தப் படைப்பு. நடிப்பு அல்ல, வசனம் அல்ல.

இப்போது யாரோ ஒரு கெட்டிக்காரர் எல்லாப் பொறிகளையும் மனப்பாடம் செய்து, ஒரு தவறும் இல்லாமல் ஆடி, அதைப் பதிவுசெய்து போடுகிறார். நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள். உங்கள் முன்னால் இருப்பது எட்டு அறைகளில் ஒருவர் போன ஒரே ஒரு தடம். அதில் தவறவிடுதல் இல்லை. பதைப்பு இல்லை. மோசமான நடிப்பு மட்டும் மீதி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘கழிவு’ என்கிறீர்கள். சதுரங்கத்தில் வென்றவனின் நகர்த்தல்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, எதிராளியுடையதை அழித்துவிட்டு, ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்பது போல.

இதே தவறு இதே விளையாட்டுக்கு ஒருமுறை அரசாங்க அளவிலேயே நடந்திருக்கிறது. 1993 டிசம்பர் 9 அன்று அமெரிக்கச் செனட்டில் வீடியோ விளையாட்டுகளின் வன்முறை பற்றி விசாரணை. ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் நடத்தினார்கள். ‘நைட் ட்ராப்’ அதில் முக்கியக் குற்றவாளி. அதிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளைத் திரையிட்டார்கள். பெண்களைச் சித்திரவதை செய்யும் விளையாட்டு என்று பேர் விழுந்தது. பெண்களைக் காப்பாற்றுவதுதான் ஆடுபவரின் வேலை, காப்பாற்றத் தவறினால்தான் அந்தக் காட்சிகள் வரும் என்பது துண்டில் தெரியாது. ஆடினால்தான் தெரியும். அந்த மாதமே பெரிய கடைகள் அதைத் தட்டுகளிலிருந்து இறக்கின. அடுத்த ஆண்டு விளையாட்டுகளுக்கு வயது முத்திரை குத்தும் அமைப்பு ஒன்றைத் தொழில்துறையே நிறுவிக்கொண்டது. செனட்டர்கள் துண்டுப்படத்தைப் பார்த்துத் தடை கேட்டார்கள். நம் நண்பர் முழுப் பதிவைப் பார்த்து மரண தண்டனை கேட்கிறார். இரு தரப்பும் ஆடவில்லை என்பதில் வேறுபாடு இல்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. ‘நைட் ட்ராப்’ படமெடுக்கப்பட்டது 1987ல், ஹாஸ்ப்ரோ நிறுவனம் திட்டமிட்டிருந்த ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக. அது சாதாரண வி.எச்.எஸ். டேப்பில் பல படங்களைப் பின்னிப் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் எந்திரம். 1989ல் திட்டம் கைவிடப்பட்டது. படம் பெட்டியில் தூங்கி, 1992ல் சேகா சி.டி.க்காக எழுப்பப்பட்டது. அந்த எந்திரத்தால் ஒரு சமயத்தில் 64 நிறங்களைத்தான் திரையில் காட்ட முடியும். மனித முகங்கள் மணல் தூவியது போல, சிறிய சட்டத்துக்குள். 2017ல் வந்த 25ஆம் ஆண்டு மறுவெளியீட்டில் படம் தெளிவாக இருக்கிறது. எது மூலம்? 1987ல் கேமரா பார்த்ததா, 1992ல் மக்கள் பார்த்ததா? பழைய நூல்களில் பாடபேதம் என்றால் வாள் உருவுகிறவர்கள் நாம். ஒரு சொல்லுக்கு இரண்டு ஏட்டில் இரண்டு வடிவம் இருந்தால் பக்கம் பக்கமாகச் சண்டையிடுகிறோம். இங்கேயும் அதே பிரச்சினைதான். இரண்டையும் வைத்துக்கொள்ளாமல் அதைப் பேசக்கூட முடியாது. மணல் தூவிய முகங்களை ஆடியவர்கள் அந்த மங்கலையே அச்சமாக உணர்ந்தார்கள் என்று நான் சந்தேகிக்கிறேன். தெளிவான பதிப்பில் வில்லன்கள் வெறும் கறுப்பு உடைக்காரர்களாகத்தான் எனக்குத் தெரிந்தார்கள்.

சரி, எப்படிக் காப்பாற்றுவது? இங்கேதான் சிரித்தவர்களும் யூட்யூப்காரர்களும் ஒருமுறையாவது எட்டிப்பார்க்க வேண்டிய வேலை நடக்கிறது. ‘டிராகன்ஸ் லேர்’ இரண்டு பொருள்களாக இருந்தது. படம் முழுதும் தட்டில். எந்த நொடியில் எந்தப் பக்கம் குச்சியைத் திருப்பினால் எந்தச் சட்டகத்துக்குத் தாவ வேண்டும் என்ற விதி எந்திரத்துக்குள் இருந்த சில்லுகளில். சில்லு இல்லாத தட்டு வெறும் கார்ட்டூன். தட்டு இல்லாத சில்லு குருடு. தாவும்போது லேசர் தலை தட்டின்மேல் நகர்ந்து இடம் தேட வேண்டும், அந்த வேளையில் திரை ஒரு கணம் கறுக்கும். இப்படி ஓர் எந்திரத்தை நாள் முழுதும் தாவவிட்டால் என்ன ஆகும்? அவை தேய்ந்து செத்தன. இன்று ஓடுகிறவை சொற்பம்.

தட்டைக் கோப்பாக நகலெடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். லேசர் டிஸ்க்கில் படம் எண்களாக இல்லை. பள்ளங்களின் நீள வேறுபாட்டில் ஓர் அலையாக இருக்கிறது. சாதாரணமாக நகலெடுத்தால் ஓட்டும் எந்திரத்தின் தவறுகளும் சேர்ந்து வரும். ஆர்வலர்கள் சிலர் வேறு வழி கண்டார்கள். எந்திரம் படமாக மாற்றுவதற்கு முன்பே, லேசர் படிக்கும் அந்தப் பச்சை அலையை நொடிக்கு நான்கு கோடி மாதிரிகள் வீதம் பிடித்துக்கொள்வது. பிறகு அலையிலிருந்து படத்தை மென்பொருளால் பிரித்தெடுப்பது. ஒரு மணி நேரத் தட்டுக்குச் சுமார் 180 ஜிபி ஆகிறது. ஒரே விளையாட்டின் நான்கைந்து தட்டுகளைப் பிடித்து, ஒன்றில் அரித்துப்போன இடத்தை மற்றொன்றிலிருந்து நிரப்புகிறார்கள். ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பதிப்பிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்கு விளக்கட்டும்.

அந்தக் கருவிக்கு டூம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்று பெயர். காரணம் ஒரு அழகான கேலிக்கூத்து. 1086ல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கின் 900ஆம் ஆண்டு நினைவாக 1986ல் பி.பி.சி. நாட்டையே மறுபடி பதிவுசெய்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்கேற்று, லேசர் டிஸ்க்கில் ஏற்றினார்கள். பதினைந்து ஆண்டுகளில் அதைப் படிக்கும் எந்திரங்கள் அருகிப்போய், 2002 வாக்கில் ஆராய்ச்சியாளர்கள் அதை மீட்கத் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. 1086ன் தோல் ஏடு இன்றும் படிக்கக் கிடக்கிறது.

மறுபுறம், பாதுகாக்கிறோம் என்று சொல்கிறவர்களையும் நான் விட்டுவிடுவதாக இல்லை. அதிலே ஒரு கூட்டம் பெட்டியைத் திறக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறது. வெளிவராமல் போன விளையாட்டின் ஒரே பிரதி கையில் இருந்தால் நகலெடுக்கவிடாது. நகல் வந்தால் விலை இறங்கிவிடுமாம். தட்டு அலமாரியிலேயே அரிக்கும். இவர்களுக்கும் மட்கட்டும் என்றவருக்கும் முடிவில் என்ன வேறுபாடு? இன்னொரு கூட்டம் பால்யத்தை நினைத்து உருகுகிறது. எதைக் கண்டாலும் ‘பொற்காலம்’. ஒரு விளையாட்டு ஏன் தோற்றது, அதன் தாவல்கள் எங்கே உயிரோடு இருக்கின்றன, எங்கே வெறும் ஏமாற்று என்று நான்கு வரி இவர்களிடமிருந்து வந்து நான் பார்த்ததில்லை. விமர்சகன் சிரித்துவிட்டுப் போய்விட்டதால் இடம் இவர்களுக்குக் கிடைத்தது. குற்றத்தில் பாதி நம்முடையது.

நானும் சுத்தமானவன் அல்ல. 1990களின் கடைசியில் சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கிய விளையாட்டு ஒன்று. மூலத்தில் ஆறு குறுந்தகடுகள், என் கையில் ஒன்று. இடம் போதாதென்று திருட்டுப் பிரதி எடுத்தவர்கள் படங்களையெல்லாம் வெட்டிவிட்டிருந்தார்கள். நடிகர்கள் பேசவேண்டிய இடத்தில் திரை கறுத்து அடுத்த கட்டத்துக்குப் போனது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வெட்டியவர்கள் எனக்கு உபகாரம் செய்ததாகவே பல வருடங்கள் நினைத்தேன். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இதற்கு நேரெதிராக நடந்தது. ‘நைட் ட்ராப்’பை எடுத்த டிஜிட்டல் பிக்சர்ஸ் 1996ல் திவாலானது. வெளிவராமல் நின்ற ‘மேக்ஸிமம் சர்ஜ்’ விளையாட்டின் காட்சிகளையும் வேறு சில விளையாட்டுகளின் காட்சிகளையும் ஒட்டி 2003ல் ‘கேம் ஓவர்’ என்று ஒரு திரைப்படமாக்கினார்கள். எனக்கு விளையாட்டு கிடைத்தது, படம் இல்லை. அவர்களுக்குப் படம் கிடைத்தது, விளையாட்டு இல்லை.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு விற்ற சரக்கு, கலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 1967க்குப் போகட்டும். மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ராடூஸ் சின்செரா ‘கினோஆட்டோமாட்’ என்று ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு இருக்கையிலும் சிவப்பும் பச்சையுமாக இரண்டு பொத்தான். குறிப்பிட்ட இடங்களில் படம் நிற்கும், மேடைக்கு ஒரு நடிகர் வந்து அடுத்து என்ன நடக்கட்டும் என்று கேட்பார். சபை வாக்களிக்கும். பெரும்பான்மை கேட்டபடி கதை போகும். ஆனால் எதற்கு வாக்களித்தாலும் கடைசியில் வீடு தீப்பற்றி எரியும். இரண்டு கிளைகளும் சுற்றிவந்து ஒரே இடத்தில் சேரும்படி சின்செரா அமைத்திருந்தார். வாக்களிப்பது பற்றிய கேலி அது, ஒரே கட்சி ஆண்ட நாட்டிலிருந்து வந்தது. 1972ல் அங்கே அதை நிறுத்திவிட்டார்கள். 2007ல் அவர் மகள் பிராகில் மறுபடி உயிர்ப்பித்தார். அதை ஒரு தொடர்ந்த படமாகக் கற்பனை செய்துபாருங்கள். ஒரு மனிதன், அவன் வீடு எரிகிறது, அவ்வளவுதான். நாமே வாக்களித்து, நாமே ஏமாந்தோம் என்ற கசப்பு அதில் எங்கே இருக்கும்?

லின் ஹெர்ஷ்மன் லீசனின் ‘லோர்னா’வும் (1979-84) லேசர் டிஸ்க்தான். வெளியே போக அஞ்சி அறைக்குள்ளேயே கிடக்கும் பெண். டி.வி.தான் அவளுக்கு உலகம். பார்ப்பவர் கையில் அவள் கையில் இருப்பது போன்ற ரிமோட். அறையில் உள்ள பொருள்களைத் தேர்ந்தால் அவள் வாழ்க்கையின் துண்டுகள் வரும். முடிவுகள் மூன்று. அவள் டி.வி.யைச் சுட்டுவிடலாம், தன்னையே முடித்துக்கொள்ளலாம், லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகலாம். மியூசியங்களில் இருப்பதால் ‘லோர்னா’வுக்கு மரியாதை. ‘நைட் ட்ராப்’ சந்தையில் இருந்ததால் சிரிப்பு. தட்டின் பசைக்கு இந்த வேறுபாடு தெரியாது என்பதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டமும் துணைக்கு வராது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் கணக்கிட்டது. விற்பனையில் இல்லாதவற்றை ஆராய்ச்சியாளர்களுக்குத் தூரத்திலிருந்து திறந்துகாட்ட நூலகங்களை அனுமதியுங்கள் என்று கேட்டதை 2024 அக்டோபரில் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. தொழில்துறையின் எதிர்ப்பு, யாராவது பொழுதுபோக்குக்கு ஆடிவிடுவார்களோ என்ற பயம். விற்கவும் மாட்டார்கள், பார்க்கவும் விடமாட்டார்கள்.

கழிவு என்ற நண்பருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் ‘பேண்டர்ஸ்நாட்ச்’ வந்தது. சார்லி ப்ரூக்கர் எழுதியது. 1984ல் ஒரு இளைஞன் கிளைக்கதை நாவல் ஒன்றைக் கணினி விளையாட்டாக்க முயன்று மனம் சிதறுவது. பார்ப்பவர் அவனுக்காக முடிவெடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு சிறந்த தொலைக்காட்சித் திரைப்படத்துக்கான எம்மி விருது பெற்றது. இதே நண்பர் அப்போது இரண்டு கூட்டங்களில் அதைப் பற்றித்தான் பேசினார், சுதந்திரம், விதி, போர்ஹெஸ் என்றெல்லாம். அதுவும் எஃப்.எம்.வி.தான், பெயரைச் சொல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. 2025 மே 12 அன்று நெட்ஃபிளிக்ஸ் அதை நீக்கிவிட்டது. அரித்துப்போன தட்டாவது யாருடைய வீட்டுப் பரணிலோ இருக்கும். இது யார் கைக்கும் தட்டாக வந்ததே இல்லை.

அன்று மாலை கிளம்பும்போது படியில் நின்று அவரிடம் கேட்டேன், நீங்கள் அதில் எந்த முடிவுக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று. கொஞ்சம் யோசித்தார். சரியாக நினைவில்லை, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.